மாடியில பலகை இழைக்கிற பேராண்டிக்கு

வாடா ராசா, இப்படி உக்காரு. நம்ம வூட்டு மொட்டை மாடியில சர்ஃப் பலகை ஃபேக்டரி நடக்குதுன்னு கோவளமே பேசுது. எனக்கு மட்டும் யாரும் பத்திரிகை வைக்கல.

தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, நூல் புடிச்ச மாதிரி அறுத்து, அப்பால உங்கப்பன் போட்டுக்கு ஒட்டுப்போட வச்சிருந்த ரெசினை எடுத்து மேல ஊத்தினியாமே? கறையான் அரிச்ச கூரையாட்டம் குழிகுழியா கெடக்குது, பார்த்தேன். கரையாம என்ன பண்ணும்? அது பாலியஸ்டர் ரெசின். அதுல கலந்திருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கண்டா வுடாது. பலகை செய்யறவன் அந்த ரெசினுக்கு உள்ள பாலியூரித்தேன் ஃபோம் வைப்பான். தெர்மாகோலுன்னா எபாக்சி பூசுவான். எபாக்சி வெலையக் கேட்டதும் அப்பன் டப்பா ஞாபகம் வந்துச்சாக்கும். பரவால்ல. 2017-ல வைகை அணையில தெர்மாகோல் மிதக்க வுட்டாங்க, காத்து அடிச்சுக் கரையில ஒதுக்கிடுச்சு. அவங்களாவது தண்ணி வரைக்கும் கொண்டு போனாங்க.

இன்னொரு யோசனை சொல்றேன். அடுத்த தபா ஹார்டனரை அளக்காத. கைக்கு வந்தபடி ஊத்து. டப்பாவுக்குள்ளேயே சூடேறிப் புகையும், நீ பிரஷ்ஷைத் தேடறதுக்குள்ள கல்லாயிடும். மாடிக்கு ஒரு ஸ்டூலு ஆச்சு.

அப்புறம் ஃபின், அதான் பலகைக்கு அடியில நிக்கிற துடுப்பு. ஒரே பலகையில அஞ்சு வரைஞ்சு வச்சிருக்கியே, ஏன், ஏழா வை. ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்குன்னு ஒருத்தரு 16 அடிப் பலகை வச்சிருந்தாரு, அம்பது கிலோவுக்கு மேல எடை, அதுல ஒரு ஃபின் கூட கெடையாது. 1935-ல டாம் பிளேக்குன்னு ஒருத்தரு வீணாக் கெடந்த ஸ்பீட் போட்டோட அடித்துண்டை எடுத்துப் பலகைக்கு அடியில மாட்டினாரு. ஒண்ணே ஒண்ணு. வாலு பக்கவாட்டுல நழுவறது நின்னுச்சு. மூணு வச்சு ஆஸ்திரேலியாக்காரரு சைமன் ஆண்டர்சன் பெல்ஸ் பீச்சுல ஜெயிச்சது 1981-ல. ஒண்ணுலேர்ந்து மூணுக்கு வர அவங்களுக்கு அத்தினி வருசம் ஆச்சு. நீ ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள அஞ்சுக்குப் போற. கெட்டிக்காரன்தான்.

எங்க காலத்துல கட்டுமரத்துல பாய் ஏத்தினா, மரம் பக்கவாட்டுல நழுவாம ஓட மர இடுக்குல ஒரு பலகையை இறக்குவோம். அதுக்கு வீடியோ எல்லாம் எடுக்கல.

மூக்கு விசயத்துக்கு வா. உன் பலகை முன்னால பின்னால ஒரே தட்டை. அலை உச்சியிலேர்ந்து கீழ எறங்கறப்ப மூக்கு தண்ணியில குத்தும், நீ தலைகீழாப் போவ. வேடிக்கை பாக்க நாங்க எல்லாம் கரையில உக்காந்திருப்போம், கவலைப்படாத. கட்டுமரம் செதுக்கறவரு மூக்கை மேல் நோக்கித் தூக்கி வச்சதைச் சின்ன வயசுல பார்த்துட்டுத்தானே இருந்த? அதுக்காக வாழைப்பழமா வளைச்சிடாத, தண்ணியை முட்டிக்கிட்டு நிக்கும், நவராது. எவ்ளோ தூக்கணும்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? கயித்தைக் கட்டி அவுக்கிறதுதான் என் படிப்பு. மூணு பலகை செஞ்சு மூணு விதமாத் தூக்கு, கடல் சொல்லும். ஆனா மூக்கை மாத்தறப்ப ஃபின்னை மாத்தாத, அகலத்தையும் மாத்தாத. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு வுழுந்தா எதால வுழுந்தன்னு யாரைப் போய்க் கேப்ப?

மூணு பலகைக்குக் காசு? அதான் ப்ளைவுட் இருக்கே. ஒரு பலகைக்கு நாலடி மரைன் ப்ளை ஒரு துண்டு போதும். முன்பக்கத்தை வெந்நீர்த் துணி சுத்தி ஊறவச்சு, ரெண்டு கல்லு ஏத்தி மெதுவா வளை. ஓரத்தைக் கை கிழிக்காத அளவுக்கு உருட்டு, வார்னிஷ் ரெண்டு தடவை அடி. நிக்க முடியாது, படுத்துத்தான் ஓட்டணும். ஹவாய்ல பய்ப்போன்னு சொல்லி இதுல படுத்தே அலை ஏறுவாங்க. உனக்குக் கௌரவம் இடிக்கும், பொண்ணுங்க பாக்கற நேரம் வேற. அதனால விடியக்காலையில எறங்கு. இப்ப வாடைக்காத்து ஆரம்பிக்கலை, காலையில அலை சுத்தமா வருது.

சரி, கிளம்பு. போறப்ப பாட்டியைப் பார்த்துட்டுப் போ. கக்கூஸ் கதவைக் காணோம்னு காலையிலேர்ந்து தேடறா. நான் ஒண்ணும் சொல்லல. ப்ளைவுட் கதவு அது, நல்ல கதவு.