வாழைப்பூ தியானம்

காய்கறி நறுக்கினால் மனம் அமைதியாகும் என்பவர்கள் வாழைப்பூ ஆய்ந்ததில்லை போலும்.

மடல் மடலாக உரித்து, ஒவ்வொரு பூவிலும் தீக்குச்சிபோல் தலை தடித்த நரம்பையும் கண்ணாடிச் செதிலையும் கிள்ள வேண்டும். நரம்புக்குக் 'கள்ளன்' என்றே பெயர். எத்தனை பேரைப் பிடித்தாலும் ஒருவன் தப்பி, சாப்பிடும்போது பல்லில் சரணடைவான். நறுக்கியது கறுக்காமலிருக்க நீர்மோரில் போடுவது பாட்டி வழக்கம். 1944-இல் இங்கிலாந்தில் பிறந்த 'வீகன்' என்ற சொல்லுக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்கு மோர் ஆகாது. எலுமிச்சை பிழிந்த தண்ணீர்தான்.

விரலெல்லாம் கறை. கைபேசி மூன்று முறை அழைத்தும் தொட முடிவதில்லை. அமைதி அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

ஒரு மணி நேரத் தவம் சுருங்கி, ஒரு கிண்ணம் பருப்பு உசிலியாகப் பந்திக்கு வரும்போது வீட்டார் கேட்பது: "அப்பளம் பொரிக்கலையா?"