நாலு சக்கரமும் இழுத்த காலம்

ஊவாவில், பசறைப் பக்கத்தில் நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் மனிதர்களுக்கு மட்டுமல்ல, சக்கரங்களுக்கும் தராதரம் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி பெரிய தொரைக்கு. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற லொறி கொழுந்துக்கு. சின்னத் தொரைக்கு மோட்டார் சைக்கிள். மற்றவர்களுக்கு இரண்டு கால். அவை எந்த மழைக்கும் வழுக்காது என்பது நிர்வாகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

தொரையின் வண்டி லேன்ட்ரோவர். கியர் லீவருக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழோடு ஒரு தடி, சிவப்புக் குமிழோடு இன்னொன்று. மஞ்சளை அமுக்கினால் முன் சக்கரங்களும் வேலைக்கு வந்துவிடும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் வண்டி நடை வேகத்துக்கு இறங்கி, எந்த ஏற்றத்தையும் முனகிக்கொண்டே ஏறிவிடும். ட்ரைவர் மாமா அந்த மஞ்சள் குமிழைத் துடைத்துத் துடைத்தே மெருகேற்றி வைத்திருந்தார். அவர் அதை அமுக்கி நான் பார்த்ததேயில்லை. அமுக்குவதற்கு அவசியமும் இல்லை. பங்களாவிலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து ஆபீசுக்கும் கல் பாவிய பாதை; கான் வெட்டி, புல் செதுக்கி, பிள்ளையார் கோயில் வாசலைவிடச் சுத்தமாக இருக்கும். அந்தப் பாதையைச் செதுக்கியவர்கள் இருந்த லயத்துக்குப் போகிற பாதை மட்டும் சிவப்பு மண்.

ஊவாவுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகீழ்ப் பருவ மழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு வாசம் ஏறும், ஏலத்தில் விலையும் ஏறும். அப்போது மண்பாதை புழுதியாக இருந்தாலும் வண்டி ஓடும். மழைக்காலத்தில் அதே மண் சவர்க்காரம். கொழுந்து ஏற்றிய லொறி எப்படியோ ஏறிவிடும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்கிறது, பின் அச்சின் மேல் கொழுந்து மூட்டை உட்கார்ந்திருக்கிறது, இழுக்கிற சக்கரத்துக்குப் பிடி கிடைக்கிறது. மூட்டையை இறக்கிவிட்டு வெறும் லொறியாகத் திரும்பும்போதுதான் வம்பு. சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், சேறு முகத்தில் அடிக்கும். “தள்ளுங்கடா!” என்று ஒரு சத்தம். சக்கரத்துக்கு அடியில் போட யாராவது இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக் கொடுப்பார்கள். தள்ளிய வேலைக்குக் கூலிப் பேர் போட்டதாக நினைவில்லை.

முன் சக்கரம் இழுக்கிற கார் என்ற அதிசயத்தை டீமேக்கர் ஐயாதான் எங்களுக்குக் காட்டினார். அவரிடம் பழைய மினி ஒன்று இருந்தது. 1959இல் இங்கிலாந்தில் வந்த கார். எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்து, சக்தியை முன் சக்கரத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 1964இல் மொன்டி கார்லோ ரேலியில் பெரிய கார்களையெல்லாம் முந்தி ஜெயித்தது. பனியில் ஜெயித்த கார், எங்கள் கோயில் ஏற்றத்தில் தோற்றது. மேடு ஏறும்போது பாரம் பின்னால் போய்விட, முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் சுற்றும். டீமேக்கர் ஐயா பொனட்டைத் தட்டி, “இது ரேஸ் காரு, மேடு இதுக்குச் சரிப்படாது” என்பார். ஒருநாளும் காரை விட்டுக்கொடுத்ததில்லை.

பிறகு ரேஸிலும் காலம் மாறியது. 1981இல் ஆடி குவாட்ரோ நாலு சக்கர இழுவையோடு உலக ரேலிக்கு வந்து மற்றவர்களைப் பழசாக்கியது. அதன் வாரிசுகளான சுபாருவும் மிட்சுபிஷி லான்சரும் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்துக்கு வந்தபோது எங்கள் பையன்கள் வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். செம்மண் வளைவில் முன்சக்கரக் காருக்குத் திரும்புவதும் இழுப்பதும் ஒரே டயரின் வேலை. அவசரத்தில் மிதித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். நாலு சக்கரக் கார் அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு முன்னால் வெளியே வந்துவிடும். ஆனால் பிரேக் என்று வந்தால் எல்லாக் காரும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக். 2024 ஏப்ரல் 21ஆம் தேதி அங்கே கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஃபொக்ஸ் ஹில்லைப் பற்றி இப்போது யாரும் பழைய உற்சாகத்தோடு பேசுவதில்லை.

இன்றைக்கு நிலைமை முன்னேறிவிட்டது. எல்ல போகும் கார்பட் ரோட்டில், ஊவாவிலேயே நாலு சக்கர இழுவை தேவைப்படாத ஒரே இடத்தில், உயரமான ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு, கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவதற்கு இவ்வளவு இழுவை வேண்டியிருக்கிறது. அவற்றிலும் சில, உயரம் மட்டும்தான். குனிந்து அடியில் பாருங்கள்; எஞ்சினிலிருந்து பின்னால் போகிற ஷாஃப்ட் இருக்காது, பின் அச்சில் டிஃப் இருக்காது. வேடம் கலையாத மினிதான் அது.

லயத்துப் பாதைக்கு வாய்த்ததோ வேகன் ஆர், அல்டோ. இரண்டுமே முன்சக்கர இழுவை. கொழும்பில் வேலை பார்த்து, லீசிங்கில் வாங்கிய பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரி வரை தனியார் கார் உள்ளே வராததால் பழைய வேகன் ஆருக்கே பொன் விலை வந்தது. பாதை அதே சிவப்பு மண். இடையில் ஒரு துண்டு கொங்கிறீட் போட்டிருக்கிறார்கள், தேர்தல் எந்த இடத்தில் முடிந்தது என்று அதைப் பார்த்தே சொல்லலாம்.

என் தம்பி மகன் கொங்கிறீட் முடிகிற இடத்தில் காரைத் திருப்பி நிறுத்துவான். அங்கிருந்து லயம் வரை ரிவர்ஸ். எஞ்சின் பாரம் பள்ளத்துப் பக்கம் வந்து முன் சக்கரத்தை மண்ணில் அழுத்தும். இழுக்கத் தெரியாத சக்கரம் தள்ளத் தெரிந்துகொள்ளும். ரொம்ப மழையென்றால் பொனட்டில் இரண்டு பையன்களும் ஏறிக்கொள்வார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித்தரவில்லை. கழுத்து சுளுக்கிய ட்ரைவர்கள் எங்கள் தோட்டத்தில் அதிகம்.

போன மழைக்காலத்தில் வழிதவறி ஏறிவந்த உல்லாசப் பயணிகளின் ஜீப் ஒன்று அவன் எதிரில் நின்றது. அசல் நாலு சக்கர இழுவை. ஆனால் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஜீப் ட்ரைவர் தலையை நீட்டிக் கேட்டார்: “தம்பி, நீங்க மேல போறீங்களா, கீழ வாறீங்களா?”

“மேலதாண்ணே. நீங்க கொஞ்சம் பொறுங்க, நான் ரிவர்ஸ்லயே ஏறிருவேன்.”