தாத்தா காய்த்த மூன்று பழம்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் ஃபோர்டிங்கல் என்றொரு குக்கிராமம். தேவாலயம் ஒன்று, கூரை வேய்ந்த வீடுகள் சில, ஒரு ஓட்டல். ஊர் முடிந்தது. நான் போனது தேவாலயத்துக்காக அல்ல; இப்போதிருக்கும் கட்டடம் 1900-களின் தொடக்கத்தில் எழுப்பியது. பக்கத்தில் நிற்கும் யூ மரத்துக்கு அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

மரத்தின் வயதைக் கேட்டால்தான் வம்பு. 2,000 என்கிறார் ஒருவர், 3,000 என்கிறார் அடுத்தவர், 5,000-க்கு ஒரு நாள் குறையாது என்று அடித்துப் பேசுகிறார் இன்னொருவர். வளையத்தை எண்ணலாமே என்றால் நடுத்தண்டு எப்போதோ உளுத்துக் கொட்டிவிட்டது. கிழவர் கில்லாடி, ஜாதகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் நிற்கிறார்.

ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. பொந்தியு பிலாத்து இங்கேதான் பிறந்தானாம்! ரோமிலிருந்து தூது வந்த அப்பாவுக்கு இங்கே பிறந்த பிள்ளையாம். இந்த மரத்தடியில் ஓடியாடியிருக்கிறானாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிலாத்து யூதேயாவில் ஆளுநராக உட்கார்ந்தது கி.பி. 26. ரோமப் படை பிரிட்டனைப் பிடிக்கக் கிளம்பியதே கி.பி. 43. ஸ்காட்லாந்துக்குள் அது கால்வைக்க மேலும் 35 வருஷம் போல ஆயிற்று. படைக்கு வழி தெரிவதற்கு முன்பே அப்பா வந்து தொட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்! ஏசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவிய ஆளை எந்த ஊரும் கைகழுவத்தான் பார்க்கும். இந்த ஊர் மட்டும் விடமாட்டேன் என்கிறது.

1769 வாக்கில் இரண்டு கனவான்கள் வந்து மரத்தைச் சுற்றி அளந்தார்கள். பாரிங்டன் 52 அடி என்றார்; பென்னன்ட் 56½ என்றார். நாலரை அடி எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை. ஆனால் அந்தச் சுற்றளவு முழுக்கப் பின்னால் போயே போய்விட்டது. மரத்தடியில் பெல்டேன் திருவிழாத் தீ மூட்டினார்களாம், அது கொஞ்சம் தின்றது. ஞாபகார்த்தம் என்று ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு போனார்கள், அது மிச்சத்தைத் தின்றது. தண்டு பிளந்த இடைவெளி வழியாகச் சவ ஊர்வலமே போனதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் சுற்றிச் சுவர் கட்டினார்கள். திருடியவர்கள் வெளியே, திருட்டுக் கொடுத்தவர் உள்ளே. பழைய தண்டின் எல்லையைக் காட்ட உள்ளே முளைகள் நட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தால்தான் கிழவர் ஒருகாலத்தில் என்ன ஆகிருதி என்று புரிகிறது.

இத்தனைக்கும் பிறகு, 2015-இல், ஆண் மரம் என்று ஊரே அறிந்திருந்த தாத்தா ஒரே ஒரு கிளையில் மூன்று சிவப்புப் பழம் காய்த்தார். எடின்பரோ தாவரவியல் பூங்காக்காரர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். கிளை பெண்ணாகிவிட்டது, மற்றதெல்லாம் ஆண்தான் என்றார்கள். விதையையும் பத்திரமாக எடுத்துப் போனார்கள்.

சுவருக்கு வெளியே நின்று நானும் கிளைகிளையாகத் தேடினேன். ஒரு பழமும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள், "அப்படியென்றால் இது ஆணா பெண்ணா?" என்று கணவரிடம் கேட்டார்.

"பிலாத்துவைத்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் தேநீர் குடிக்க ஓட்டல் பக்கம் நடந்தார்.