ஃபில்லர் பிளக்கின் பிடிவாதம்: ஓர் ஆய்வு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் பறவைகள், கம்பனில் உவமைகள், நாட்டார் வழக்கில் விடுகதைகள் என்று ஆய்வேடுகள் நூலக அலமாரிகளை நிறைத்துவிட்டன. ஆனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன் முகத்துக்கு நேரே, கழல மறுத்து உட்கார்ந்திருக்கும் ஃபில்லர் பிளக்கை ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏறெடுத்துப் பார்த்தால் கண்ணில் மண் விழும் என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுப் பொருள்

வண்டி வளைவில் திரும்புகையில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரமே போதும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டினால் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். இவ்வழக்கைத் தீர்த்து வைக்கும் நடுவர் டிஃப்ரன்ஷியல். பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர் ஒனேசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் பட்டறைகளில் இதைச் சுருக்கமாகக் ‘கிரவுன்’ என்பர்.

1926இல் பேக்கார்டு கார்களின் கிரவுனில் ஹைபாய்டு பல்சக்கரம் வந்தது. அதன் பற்கள் உருள்வதோடு நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் ஓடும். அந்த உராய்வைச் சாதாரண எண்ணெய் தாங்காது. கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஜிஎல்-5 வகை கியர் ஆயில் வேண்டும். கிரவுன் ஆயில் மாற்றியவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் வீட்டில் சோறு தனியாக வைக்கப்படுவது இந்தக் கந்தகத்தால்தான்.

கிரவுனை மூடிய ஹவுசிங்கில் துளைகள் இரண்டு. அடியில் இருப்பது டிரைன், பழைய எண்ணெய் வடிய. பக்கவாட்டில் நடுவயிற்றில் இருப்பது ஃபில்லர். ஊற்றுவதும் அதன் வழி, அளப்பதும் அதன் வழி. வண்டி சமதளத்தில் நிற்க, ஊற்றிய எண்ணெய் அத்துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கினால் அளவு சரி என்க.

ஆய்வின் எல்லை

அம்பாசிடர், ஜீப், சுமோ, ஆம்னி முதலிய பின்சக்கர இழுவை வண்டிகளே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. மாருதி 800 போன்றவற்றில் டிஃப்ரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே குடியிருந்து அதன் எண்ணெயிலேயே பிழைப்பதால் அவை நீக்கப்பட்டன. பிளக்குக்குப் பதில் ரப்பர் அடைப்பான் வைத்த வண்டிகளும் சில உண்டு. பிடுங்கினால் வந்துவிடும். ஆய்வுக்குத் தேவையான துன்பம் அவற்றில் இல்லாமையால் அவையும் விலக்கப்பட்டன.

கருதுகோள்கள்

முதற் கருதுகோள் நூற்பா வடிவில் தரப்படுகிறது:

ஊற்றுவாய் திறவான் வடிவாய் திறவற்க.

இதன் பொருள்: ஃபில்லர் பிளக் கழல்வதைக் கண்ணால் கண்ட பின்னரே டிரைன் பிளக்கில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

கடா: டிரைன் பிளக் கைக்கு எட்டுகிறது, சுலபமாகவும் கழல்கிறது. அதை முதலில் திறந்தால் என்ன குடி முழுகிப்போகும்?

விடை: முழுகாது, வற்றிப்போகும். பழையது வெளியேறிவிடும், புதியது உள்ளே போக வழியிராது. கழிவான எண்ணெயோடு ஓடும் வண்டி, எண்ணெயே இல்லாமல் நிற்கும் வண்டியினும் சாலச் சிறந்தது. பட்டறை வரை மெல்ல ஓட்டிச் செல்லலாமே எனின், வறண்ட கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆயில் செலவோடு முடிய வேண்டியது கிரவுன் செட் செலவில் போய் நிற்கும்.

இரண்டாம் கருதுகோள்: ஒரு பிளக் எவ்வளவு குறைவாகத் தாங்குகிறதோ அவ்வளவு கூடுதலாக இறுக்கப்படுகிறது. இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. விளக்கம் கீழே.

இறுகுதற்கான காரணங்கள்

இவை புறம், அகம் என இருவகைப்படும்.

புறக்காரணங்கள் எளியவை. இரும்புப் பிளக்கும் இரும்பு ஹவுசிங்கும் ஈரத்தில் கூடித் துருவால் ஒன்றாகிவிடும். ஹவுசிங் அலுமினியமானால் இரு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பு வேலை செய்யும். சில பிளக்குகளின் மரை கூம்பு வடிவிலானது. திருகத் திருக ஆப்பாய் இறங்கும். போதாக்குறைக்கு, இந்தப் பிளக் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படுவதே இல்லை.

அகக்காரணம் ஒன்றே ஒன்று. அது முன்பு கழற்றியவர் மனத்தில் இருந்த அச்சம். ‘ஆயில் ஒழுகிவிடுமோ’ என்று அவர் அஞ்சினார், இறுக்கினார்.

அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா? வண்டி நிற்கும்போது எண்ணெய் மட்டம் ஃபில்லர் துளையின் கீழ்விளிம்போடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிளக்கை அழுத்த அங்கே எண்ணெயே இல்லை. ஓடும்போது பல்சக்கரம் வாரி இறைக்கும் சிதறல்தான் அதன்மேல் படுகிறது. சூட்டில் விரியும் காற்று வெளியேற மேலே பிரீதர் இருக்கிறது. எண்ணெயின் எடை முழுவதையும் கீழே நின்று தாங்குவது டிரைன் பிளக். அதுவோ பெரும்பாலும் ஒழுங்காகக் கழன்று வருகிறது. சும்மா இருக்கும் ஃபில்லர் பிளக்கைத்தான் வைகை அணையின் மதகைப் போல் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கணக்கும் பார்க்கலாம். 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் முறுக்குவிசை ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர். பல வண்டிகளின் கையேடு இந்தப் பிளக்குக்குக் கேட்பது இதையொட்டியோ இதனினும் குறைவோதான். அதே ஸ்பேனரில் பைப்பைச் சொருகி நீளத்தை 90 செ.மீ. ஆக்கி, 40 கிலோவுக்கு இழுத்தால் 350ஐத் தாண்டும். காரின் சக்கர நட்டுக்கே சுமார் 100 போதும்.

கழற்றும் நெறிகள்

அரசியலுக்குச் சொன்ன நான்கு உபாயங்களும் இங்குப் பிறழாமல் பொருந்துகின்றன.

சாமம். பிளக்கின் தலையைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பது. சதுரக் குழி வைத்த பிளக்கானால் அந்தக் குழிக்குள் கெட்டிப்பட்ட சேற்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லையேல் கருவி பாதி ஆழமே இறங்கி முனைகளை வழித்துவிடும். அறுகோணத் தலைக்கு அறுகோண பாக்ஸ் ஸ்பேனரே முறை. பன்னிரண்டு முனை ஸ்பேனர் மூலைகளை மட்டுமே கடிக்கும், கடைசியில் தலை உருண்டையாகும்.

திசையும் சாமத்துள் அடங்கும். இது குறித்துக் கள ஆய்வில் கிடைத்த உரையாடல்:

“டேய், எந்தப் பக்கம்டா திருகுற?”

“லூஸ் பண்ற பக்கம்தாண்ணே.”

“வண்டிக்கு முன்னாடி படுத்திருக்கறவனுக்கு அது லூஸு. நீ பின்னாடில்ல படுத்திருக்க? தலையைத் திருப்பி பிளக்கு முகத்தைப் பாரு.”

பிளக்கின் முகத்தை நேராக நோக்கி இடஞ்சுழியாகத் திருப்புக என்பது இதனால் பெறப்படும் விதி.

தானம். எண்ணெய் வார்த்தல். டபிள்யூடி-40 என்னும் தெளிப்பு 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. நீரை விரட்டி, அட்லஸ் ஏவுகணையைத் துருவிலிருந்து காப்பதே அதன் பிறவிப் பயன். துருவுக்குள் ஊடுருவவென்றே செய்த எண்ணெய்கள் வேறு இருக்கின்றன. எதுவானாலும் தெளித்த கையோடு திருகுவது தானமாகாது. இரவு முழுக்க ஊறவிட வேண்டும்.

பேதம். பிளக், ஹவுசிங் இருவரையும் பிரித்தாளுதல். கேஸ் டார்ச்சின் சுடரைப் பிளக்கைச் சுற்றியுள்ள ஹவுசிங்கில் காட்டினால் துளை விரியும், பிடி தளரும். பிளக்கையே சூடாக்குவோர் எதிரிக்குச் சோறிடுபவர். பெட்ரோல் டேங்கும் பிரேக் ஹோஸும் அருகிலிருந்தால் இவ்வுபாயத்தைக் கைவிடுக.

தண்டம். சுத்தியல், உளி, பைப் என முத்திறத்தது. பிளக்கின் முகத்தில் நேராக நான்கு தட்டுத் தட்டினால் துருவின் பிடி உடையும். பிறகு கழற்றும் திசைக்கு முன் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துப் பார்ப்பது அனுபவசாலிகள் வழக்கம். தலை முழுக்க மழுங்கிவிட்டால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வர். புதுத்தலையும் கிடைக்கும், வெல்டிங் சூட்டில் துருவும் நெகிழும். பைப் போட்டு இழுப்பவர் வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு இல்லாமல் தண்டம் பிரயோகித்தால் தண்டனை பிரயோகித்தவருக்கே.

நான்கும் தோற்றால் பிரீதர் துளை வழியாகவோ, பின்மூடி உள்ள வண்டியில் மூடியைக் கழற்றியோ எண்ணெயை உள்ளே விடலாம் என்பாரும் உளர். அது புறவாசல் வழி. வீட்டுக்குள் போகலாம், ஆனால் தலைவாசல் பூட்டியபடியே இருக்கும். எண்ணெய் மட்டம் பார்க்கவும் அந்தத் தலைவாசல்தானே வேண்டும்?

ஆய்வு முடிவுகள்

1. ஃபில்லர் பிளக்கின் பிடிவாதத்தில் துருவுக்குப் பங்குண்டு. பெரும்பங்கு முன்னவர் கைக்கே.

2. முன்னவர் என்பார் வேறு யாரும் அல்லர். நேற்று இதே பிளக்கோடு மல்லுக்கட்டியவரே. கழன்ற மகிழ்ச்சியிலும் ஒழுகிவிடுமோ என்ற பயத்திலும், கழற்றிய அதே பைப்பைப் போட்டே இறுக்கிவிட்டுப் போகிறார்.

3. தீர்வு: புது வாஷர், மரையைச் சுத்தமாகத் துடைத்தல், பைப் இல்லாத ஸ்பேனர், கையேடு சொன்ன அளவு. அதற்குமேல் ‘இன்னும் ஒரு அரைச் சுற்று’ கூடாது.

பரிந்துரை

பிளக்கை இறுக்குபவர் தம் பெயரையும் தேதியையும் பெயின்டால் ஹவுசிங்கில் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தால் இச்சிக்கல் ஒரே தலைமுறையில் தீரும். பட்டறைகள் இதற்கு இசையும் என்ற நம்பிக்கை ஆய்வாளருக்கு இல்லை. எழுதினாலும் அடுத்தவர் பெயரைத்தான் எழுதுவார்கள்.