ஒற்றைப்படையில் நிற்கும் கூடை

கேள்வி: கூடை முடைவதில் கணிதம் இருக்கிறது என்கிறார்களே, வெறும் கைப்பழக்கத்துக்கு இத்தனை பெரிய பெயரா? (நெய்வேலி நகரிய வாசகர்)

பதில்: உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் மண்ணை அள்ளும் ராட்சத வாளிச் சக்கரத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது என்றால் உடனே ஒப்புக்கொள்வீர்கள். அந்த மரியாதை மூங்கில் கூடைக்கும் உரியது. நிற்கும் பத்தைகளுக்கு ஒன்று மேல், ஒன்று கீழ் என ஒரே சிம்பைச் சுற்றிக்கொண்டு போங்கள். பத்தைகள் 16 என்றால், இரண்டாம் சுற்று முதல் சுற்றின் தடத்திலேயே விழும், பின்னல் பூட்டாது. 17 என்றால், போன சுற்றில் மேலே போன இடத்தில் இப்போது கீழே போகும்; கூடை இறுகும். கைப்பழக்கம் என்றால் ஒரே அளவைத் திரும்பச் செய்வதோடு நின்றிருக்கும். இரட்டைப்படை வந்துவிட்டால் ஒரு பத்தையை இரண்டாகப் பிளந்துகொள்வது, அல்லது இரண்டாவது சிம்பைச் சேர்ப்பது என்ற தீர்வு, எந்த எண்ணுக்கும் பொருந்தும் விதியை அறிந்த மூளையின் வேலை.

ஏட்டில் நிரூபணம் எழுதவில்லையே என்பீர்கள். உண்மைதான்; நிரூபணம் வேறு, கண்டுபிடிப்பு வேறு. அறுகோணக் கண்ணாகவே முடைந்தால் பின்னல் தட்டையாகக் கிடக்கும். குழிவு வேண்டுமானால் ஐங்கோணக் கண் விட வேண்டும். மலேசியாவில் மரபாகப் பிரம்பால் பின்னும் செப்பாக் தக்ராவ் விளையாட்டுப் பந்தை எடுத்து எண்ணுங்கள்: ஐங்கோண ஓட்டைகள் சரியாக 12. முனை, விளிம்பு, முகங்களின் எண்ணிக்கையை இணைக்கும் கணித மேதை ஆய்லரின் சூத்திரமும், ஐங்கோண, அறுகோணக் கண்களால் உருண்டை மூடுவதற்கு அதே 12 ஐங்கோணங்களைத்தான் கேட்கிறது.