செவ்வாய்க்கிழமை சாமி

கேள்வி: உவரி அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் அவ்வளவு கூட்டம்?

பதில்: அவரை அடக்கம் செய்த கிழமை அது! 1231 ஜூன் 13 வெள்ளியன்று காலமானார். பதுவை நகரத்தார் அடுத்த செவ்வாயன்று அடக்கம் செய்தார்கள். ஓராண்டுக்குள் புனிதர் பட்டம். ரோமாபுரியே அவசரப்பட்டது என்றால், நம் வள்ளியூர், திசையன்விளை ஜனங்கள் பஸ்ஸுக்கு முண்டியடிப்பதில் என்ன தப்பு? லிஸ்பனில் பிறந்தபோது அவர் பெயர் பெர்னாண்டோ. நம் கடற்கரையில் எத்தனை பெர்னாண்டோக்கள்! நெருங்கின சொந்தம்தான். கையில் குழந்தை இயேசுவோடு நிற்பவரிடம் பிள்ளை வரம் கேட்டு, திருநீறு பூசிய ஆச்சியும் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். நேர்ந்தபடி மொட்டை, அப்புறம் அசனம். கோடி அற்புதர் பந்தியில் சாதி, மதம் கேட்பதில்லை. ஒரு செவ்வாய் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.