டிக்கிக்குள் அடங்காத கணக்கு

ஃபுளோரிடாவில் 1971-இல் திறந்த டிஸ்னி வேர்ல்டில், அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு மின்சார ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். பூங்காவில் எடுத்ததை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் பல குடும்பங்கள் வெளிக்கடையில் எடுத்துக் காரில் ஏற்றுகின்றன. ‘எந்தக் காரிலும் அடங்கும்’ என்று சொல்லித்தான் தருகிறார்கள். பொய்யில்லை. காலி டிக்கியில் எதுதான் அடங்காது? குடும்பத்தோடு போகிறவர்களின் டிக்கியில் பெட்டிகள் இருக்கும், குழந்தையின் தள்ளுவண்டி இருக்கும். காலி இடம்தான் இருக்காது.

கழற்றி வைத்தால் போயிற்று என்பார்கள். இருக்கை, கூடை, பேட்டரி, முன்பாதி, பின்பாதி என ஐந்து துண்டு. சிறிய ரகமே மொத்தம் 40 கிலோவைத் தொடும். மாமியார் நடக்காமலிருக்க மருமகன் நிமிராமல் போகிறார். சாய்தளம் வைத்த வேன் எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். வண்டிக்கு வாடகை, வண்டியைச் சுமக்கும் வண்டிக்கும் வாடகை. அங்குள்ள டிஸ்னி பேருந்திலோ அதே ஸ்கூட்டர் ஒரு திருகும் கழற்றாமல் சாய்தளத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே கோளாறு ஸ்கூட்டரில் இல்லை, மாமியாரிடமும் இல்லை. காரை வடிவமைத்தவரின் கணக்கில் இருக்கிறது. அது திருந்தும்வரை, வாடகைக்கு எடுப்பவர்கள் டிக்கியை அளப்பதைவிடத் தூக்குகிறவரின் இடுப்பை விசாரிப்பது நல்லது.